பொரிச்ச கேசரியும் செல்வி அக்காவும்

மலேசியாவில், பீடோங்கில் ஒரு கல்யாணத்துக்குச் சமைத்தபோது என் கேசரி கல் மாதிரி இறுகிவிட்டது. பந்தி தொடங்க அரை மணி நேரம்தான் இருந்தது. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். பாத்திரம் கழுவ வந்த செல்வி அக்காதான், "ஏன் தம்பி பயப்படுறீங்க? துண்டு போட்டு நெய்யில பொரிச்சிடலாம் லா!" என்றார். பொரித்தோம். ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.

அப்புறம் பல வருடமாக, பக்கத்து ஊரான கூலிம் வரைக்கும் பொரிச்ச கேசரி என்றால் என் பெயர்தான். யார் கேட்டாலும், "நானே கண்டுபிடிச்சது" என்பேன்.

போன மாதம் கோயில் விருந்தில் அந்தக் கேசரிக்காக எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியது செல்வி அக்கா. கூசிப்போனேன். மைக்கை வாங்கி உண்மையைச் சொல்லி, பொன்னாடையை அவரிடமே கொடுத்தேன்.

"இதுக்கா தம்பி அழுறீங்க?" என்று சிரித்தார்.

அத்தனை வருடப் பாராட்டு தராத சந்தோஷம் அந்தச் சிரிப்பில் இருந்தது.