தேங்காய் எண்ணெய் கலந்த நீலம்

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்து இரண்டாவது வருஷம். கடைத்தெருவுக்குப் பக்கத்தில், பெயர்ப்பலகை எழுதும் கடை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தேன். இங்கிலீஷ் எழுத்தை அழித்து ஜப்பான் எழுத்து எழுதுவதுதான் அப்போது பிழைப்பு. பிள்ளைகளே, இதை உங்கள் அம்மாவிடம்கூட நான் முழுதாகச் சொன்னதில்லை.

ராணுவ ஆபீஸ் பலகைக்கு அவர்களே பெயிண்ட் அளந்து கொடுத்திருந்தார்கள். அதில் தேங்காய் எண்ணெய் கலந்து அளவைக் கூட்டி, கொஞ்சம் மிச்சம் பிடித்தேன். விற்பதற்காக இல்லை. எனக்கு ஒரு பைத்தியம். கெட்டிக் காகிதத்தில் கத்தியால் பெயிண்டை அப்புவேன். சாக்குத் துணியை வைத்து அழுத்துவேன். மேலே வேறு நிறம் பூசி, உடைந்த சீப்பால் கீறி, அடியில் இருப்பதை வெளியே கொண்டுவருவேன். இன்னதென்று உருவம் கிடையாது. தடவினால் மரப்பட்டை மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். அதில் ஒன்றைச் சுவரில் மாட்டியிருந்தேன்.

கூட வேலை பார்த்த அண்ணன், இரண்டு பிள்ளைக்காரர், தினமும் கிண்டல் செய்வார். "மாடு மிதிச்ச சாணியை என் தலைக்கு மேல மாட்டி வெச்சிருக்கியே லா தம்பி."

ஒருநாள் காலை கெம்பித்தாய் அதிகாரி ஒருவன் மொழிபெயர்ப்பாளனோடு வந்தான். கெம்பித்தாய் என்றால் அவர்களுடைய ராணுவப் போலீஸ். அவர்கள் கூட்டிப்போனவர்கள் திரும்பி வருவது அபூர்வம். சுவரில் இருந்த காகிதம் அவன் கண்ணில் பட்டது. எண்ணெய் ஊறி, நீலத்தைச் சுற்றி மஞ்சளாகப் படர்ந்திருந்தது. பார்த்தால் தீவும் கடற்கரையும் போலத்தான் இருந்தது.

"துறைமுகத்து மேப்பா?" மொழிபெயர்ப்பாளன் மலாயில் கேட்டான்.

"இல்லை துவான், போன மாசம் பிரஷ் துடைத்த காகிதம்" என்றார் அண்ணன். துவான் என்றால் மலாயில் ஐயா. என் பெயரை அவர் சொல்லவில்லை.

அதிகாரி காகிதத்தில் விரலை அழுத்தினான். விரல் நீலமாக வந்தது. போன மாசத்துப் பெயிண்ட் இன்னும் ஈரமாக இருக்குமா? பொய் என்று முடிவுகட்டி, அண்ணனின் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தான்.

தேங்காய் எண்ணெய் கலந்தால் பெயிண்ட் காயாது. அது எனக்கு மட்டும்தான் தெரியும். சொன்னால் ராணுவப் பெயிண்டைத் திருடியவன் ஆவேன். அதற்கு என்ன தண்டனை என்று ஊருக்கே தெரியும். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் கால் வாசற்படியைத் தாண்டியபோதுதான் எனக்குக் குரல் வந்தது.

"துவான், அது என்னுடையது. எண்ணெய் கலந்தேன். உங்கள் பலகையும் காய்ந்திருக்காது."

பத்து நாளுக்கு முன் எழுதி, சுவரில் சாத்தி வைத்திருந்த பலகையின் வெள்ளை எழுத்தை அவன் தொட்டுப் பார்த்தான். விரல் வெள்ளையாக வந்தது. அண்ணனை விட்டுவிட்டு, பலகைக்குச் சட்டம் அடிக்க வைத்திருந்த கட்டையை எடுத்து என்னை அடித்தான். சாயங்காலம்வரை வெயிலில் முட்டி போடவைத்தான். பலகையைத் திரும்ப எழுத ஆள் வேண்டுமே, அதனால்தான் உயிர் தப்பியது என்று நினைக்கிறேன். என் இடது காது அன்று போனதுதான். சின்ன வயதில் வந்த காய்ச்சல் என்று உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்தான் வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். நிறுத்திவிட்டு, "சாணியில தேங்காய் எண்ணெய் வேறயா" என்றார்.

அந்தக் காகிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, அதிகாரியின் விரல் அழுத்திய பள்ளத்தோடு. பட்ட வலியெல்லாம் மறந்துவிட்டது. அண்ணனை வாசல்வரை இழுத்துப்போன அந்தக் கொஞ்ச நேரம் நான் வாய் திறக்காமல் நின்றேனே, அந்தப் பள்ளத்தைத் தொடும்போதெல்லாம் அதுதான் நினைவுக்கு வருகிறது.