விரால் துடிக்க வேண்டும்

அந்தக் கோடையில் கரண்ட் இருந்த நேரத்தைவிட இல்லாத நேரம்தான் ஜாஸ்தி. போர் மோட்டார் ஓடவில்லை. சிதம்பரத்துக்குப் பக்கத்தில் நானும் கணவரும் குத்தகைக்கு எடுத்து விரால் வளர்த்த குளத்தில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. வற்றுவதற்குள் மொத்த மீனையும் விற்றாக வேண்டும். இல்லையென்றால் நடுத்தெருதான்.

விராலை எங்கள் பக்கம் உயிரோடுதான் வாங்குவார்கள். கண்ணெதிரே உப்பைப் போட்டுத் தேய்த்து, செதிலைச் சுரண்டி, அறுத்துத் தர வேண்டும். கடைசிவரை துடித்தால்தான் உடம்புக்குச் சத்தாம்! விரால் வெளிக்காற்றை இழுத்து மூச்சுவிடும் மீன், லேசில் சாகாது. செதில் போன பிறகும் வாய் திறந்து திறந்து மூடும். அதைப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

“முதல்ல தலையில ஓங்கி ஒண்ணு போடுங்க மாமா. அப்புறம் உப்பு போட்டுக்கலாம்” என்று கணவரிடம் மன்றாடினேன். போட்டார். மீன் அசையாமல் கிடந்தது. ஆபரேஷன் ஆன மகளுக்காகக் கடலூரிலிருந்து பஸ் ஏறி வந்திருந்த அம்மாள் கையை உதறினார்.

“என்னாம்மா, செத்த மீன என் தலையில கட்டப் பாக்குறீங்களா?”

துள்ளிய மீனை அடித்ததைக் கண்ணால் பார்த்தவர்தான் இப்படிக் கேட்டார். அவரோடு மற்றவர்களும் போய்விட்டார்கள். மறுநாள் கரையில் ஈ காக்கை இல்லை. தண்ணீர் கணுக்காலுக்கு வந்துவிட்டது.

“ரெண்டு நாள் போனா எல்லாம் சேத்துலயே வெந்து சாவும். அது மட்டும் இரக்கமா?” என்றார் கணவர்.

வழியை அவரே கண்டுபிடித்தார். அடித்துப் போட்ட மீன்மேல் உப்பு பட்டதும் சதை வெடவெடவென்று ஆடியது. செத்த சதைகூடப் புதிதாக இருந்தால் உப்புக்கு அப்படி ஆடுமாம். அன்றிலிருந்து வாங்க வந்தவர்கள் கண்ணில் படாமல், மீன் விட்டிருந்த டிரம்முக்குப் பின்னால் குனிந்து அடித்தார், நான் முன்னால் வைத்து உப்பு தேய்த்தேன். கூட்டம் திரும்பி வந்தது. கூட்டம் சேரச் சேர அவர் கை அவசரப்பட்டது. எந்த அடி சரியாக விழுந்தது, எது விழவில்லை என்று தெரியவில்லை. எல்லா மீனும் ஒரே மாதிரிதான் துடித்தது.

“மாமா, இது செத்துடுச்சா?”

“விக்குது இல்ல? கேக்காத.”

அந்த அம்மாளும் வந்திருந்தார். என் கையில் துடித்த மீனைத் தொட்டுப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“இதான்மா உயிரு மீனு.”

அவர் சொன்னது பொய்யாக இருக்க வேண்டுமே மாதாவே என்று வேண்டிக்கொண்டே தேய்த்தேன்.