மாது தெளியவைத்த தண்ணீர்

காரிமங்கலத்துக்கு வெளியே, கிரானைட் வியாபாரி முனாப் சாயபு தன் பங்களாவில் ஒரு நீச்சல் குளம் கட்டியிருந்தார். மழை பொய்த்து, ஏரி கலங்கல் குட்டையாகி, ஊரே வானத்தைப் பார்த்துக் கிடந்த எண்பத்தேழாம் வருஷம் அது. அவர் வீட்டு போர்வெல்லில் மட்டும் தண்ணீர் வற்றவில்லை. குளத்தைப் பார்த்துக்கொள்ள மாதுவை வேலைக்கு வைத்தார்.

மாது முப்பது வருஷம் கிணறு தூர் வாரியவன். இடுப்பு பிடித்துக்கொண்ட பிறகு கிணற்றில் இறங்க முடியவில்லை. இந்த வேலையும் போனால் வேறு போக்கிடம் கிடையாது. சித்திரை வெயிலில் குளம் பச்சை கட்டியது. பாசி படிந்த படியில் சாயபு ஒருநாள் வழுக்கி விழுந்தார். பிளீச்சிங் பவுடர் போட்டால் கண் எரிகிறது என்றார். இன்னொரு தரம் பாசியைப் பார்த்தால் வேறு ஆளை வைப்பேன் என்றும் சொன்னார்.

மாது தனக்குத் தெரிந்த கிணற்று வைத்தியத்தை எடுத்தான். ஒரு கைப்பிடி மயில்துத்தத்தை, அந்த நீலச் செம்பு உப்பை, துணியில் முடிந்து, கோலில் கட்டி, குளத்தின் நாலு ஓரமும் இழுத்து வந்தான். செத்த பாசியைத் தேங்காய் நாரால் தேய்த்து எடுத்தான். மூன்றாம் நாள், அடியில் ஊசி கிடந்தாலும் தெரியும்போல் தண்ணீர் தெளிந்துவிட்டது. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் துத்தம் போட்டான். ஒரு கைப்பிடி இரண்டாயிற்று, இரண்டு மூன்றாயிற்று.

கிணற்றுக்கு ஊற்று உண்டு. போட்டது நாளடைவில் நீர்த்துப் போகும். சிமெண்டுக் குளத்துக்கு ஏது ஊற்று? வெயில் தண்ணீரைத்தான் குடிக்கும், துத்தத்தை அப்படியே விட்டுவிடும். கிணற்றிலேயே காலம் தள்ளிய அந்த மனுஷனுக்கு இது அப்போது உறைக்கவே இல்லை. வைகாசியில் சாயபுவின் நரைமுடி லேசாகப் பச்சை பூத்தது. அவர் சிரித்துக்கொண்டே சோப்பை மாற்றினார். மாதுவும் கூடச் சிரித்தான். ஆனால் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தத் தலை அவன் கண்ணிலேயே நின்றது.

அதைவிட அவனை உறுத்திய விஷயம் வேறு. வண்டலை எடுக்க வாரம் ஒருமுறை குளத்தின் அடித்தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். பஞ்ச காலத்தில் வீணாக்குவானேன் என்று சாயபுவிடம் கேட்டு, மதிலுக்கு வெளியே இருந்த மாட்டுத் தொட்டிக்கு அதைத் திருப்பியவன் அவன்தான். மேயும்போது ஏரியிலும், திரும்பும்போது தினமும் அங்கேயும் தண்ணீர் குடித்தவை அவன் மனைவி செல்லியின் எட்டு செம்மறிகள். மழை வரும்வரை வயிறு கழுவ அவள் நம்பியிருந்தது அவற்றைத்தான்.

ஆனியில் ஓர் ஆட்டின் கண் மஞ்சளாயிற்று. மூத்திரம் கடுங்காப்பி நிறத்தில் போயிற்று. மறுநாளே விழுந்தது. அடுத்து இரண்டு விழுந்தன. பார்க்க வந்த கால்நடை டாக்டர் ஒன்றை அறுத்து ஈரலைப் பார்த்தார். பிறகு மாதுவை நிமிர்ந்து பார்த்தார்.

"துத்தம் கலந்த தண்ணி எங்கயாவது குடிச்சுதாப்பா?"

மாதுவுக்குச் சாயபுவின் முகமும் வேறு ஆள் என்ற பேச்சும் ஞாபகம் வந்தன.

"இல்லீங்க. ஏரித்தண்ணிதாங்க" என்றான்.

குளத்தில் துத்தம் போடுவது தெரியாத செல்லி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். புருஷன் சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது.

நாலு நாள் அவன் தொட்டிப் பக்கமே போகவில்லை; செல்லி முகத்தில் விழிக்காமல் பங்களாவிலேயே படுத்துக்கொண்டான். வேலையும் போகாமல் ஆடும் பிழைக்க ஒரு வழி யோசித்து யோசித்து, ஒன்றும் தோன்றாமல் ஐந்தாம் நாள் மத்தியானம் வீட்டுக்கு வந்தான். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் தீர்த்தம்மாள் சுவரில் சாய்ந்து, வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டு சொம்பில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். மூலையில் குடம் நிறைந்திருந்தது. அதன் அடிவரை தெரிந்தது.

"ஏது இந்தத் தண்ணி?"

"தொட்டித் தண்ணிங்க" என்றாள் செல்லி. "ஏரித்தண்ணிதான் ஆட்டைக் கொல்லுதுன்னு நீங்கதான டாக்டருகிட்ட சொன்னீங்க. புள்ளத்தாச்சிக்கு அதக் குடுக்க மனசு வரல. அன்னியிலிருந்து வூட்டுக்கே நீங்க தெளிய வெச்ச தண்ணிதான்."

மாது பாய்ந்து சொம்பைத் தட்டிவிட்டான். அது உருண்டு வாசல்வரை போயிற்று. அதில் ஒரு சொட்டும் மிச்சமிருக்கவில்லை.