அனியெல்லோ ஊற்றிய சாறு

எர்சிலியாவின் தோட்டத்துக்குப் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. வெசூவியோ எரிமலைச் சரிவில் எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு கல்வரப்புதான். என் புருஷன் பூச்சிமருந்து அடித்த அன்று காற்று அவள் பக்கம் வீசிவிட்டது. அடுத்த அறுப்பு வரை எங்களோடு பேசவில்லை. அவள் தக்காளிக்கு எருவும் சாம்பலும்தான். புழுவைக் கையால் பொறுக்குவாள்.

அவள் புருஷன் அனியெல்லோ வாயில்லாப் பூச்சி. வருஷத்துக்கான தக்காளிச் சாற்றைப் பாட்டில்களில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் திருநீற்றுப்பச்சிலை போட்டு மூடுவது அவன் வேலை. "இவரு கை பட்டா எதுவும் கெடாது. வாய்தான் கெட்டுப்போச்சு, திறக்கவே மாட்டாரு" என்பாள்.

போன ஆகஸ்டில், பாட்டில்களைச் சாக்கு சுற்றித் தகர டிரம்மில் அடுக்கித் தண்ணீர் ஊற்றி, எர்சிலியாவின் முற்றத்தில் தீ மூட்டினோம். மூடின பாட்டிலோடு கொதித்தால்தான் சாறு வருஷம் தாங்கும். தண்ணீர் இன்னும் கொதிக்கத் தொடங்கவில்லை. விறகெடுக்கப் போன அனியெல்லோ கொட்டகை வாசலில் விழுந்தான். டாக்டர் வந்தபோது உயிர் இல்லை.

அவன் தங்கை பிலொமேனா அலறிக்கொண்டு வந்தாள். முற்றத்தில் தீயைப் பார்த்ததும் முகம் மாறியது. இழவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, அக்கம்பக்கம்தான் சாப்பாடு கொண்டுவர வேண்டும்.

"பொணம் கிடக்கிற வீட்டுல என்ன அண்ணி தீ? ஊரு காறித் துப்பும்."

"அவரு கையால ஊத்தினது, பிலொமேனா. அரைகுறையா நின்னா புளிச்சுப்போயிரும். கொஞ்ச நேரம் எரியட்டும்."

"செத்தது எங்க அண்ணன். உனக்குச் சாறுதான் பெருசா?"

ஊரோடெல்லாம் மல்லுக்கட்டியவள் அந்த வார்த்தையில் தலையைக் குனிந்துகொண்டாள். பிலொமேனா வாளித் தண்ணீரைத் தீயில் கொட்டினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

துக்கம் கழிந்து அடுப்பு மூட்டுவதற்குள் ஆகஸ்ட் சூட்டில் சாறு நுரைத்துவிட்டது. இனி எத்தனை கொதி கொதித்தும் பயனில்லை. அப்படியும் எர்சிலியா எல்லாப் பாட்டிலையும் துடைத்து அறையில் அடுக்கினாள். செப்டம்பர் முழுக்க மூடிகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன.

"கொட்டிரு எர்சிலியா, வீடே நாறுது" என்றேன்.

"கல்லறைத் திருநாள் வரைக்கும் ஒண்ணே ஒண்ணு தாங்கினா போதும். அவரு தட்டுல அவரு சாறுதான் ஊத்தணும்."

நவம்பர் இரண்டாம் தேதி வரும் அந்தத் திருநாளுக்கு முந்தின ராத்திரி, இறந்தவர்களுக்கு மேசையில் சாப்பாடு வைத்துவிட்டுத்தான் நாங்கள் படுப்போம். ஒன்றும் தாங்கவில்லை. கடைசிப் பாட்டில் அக்டோபரிலேயே போய்விட்டது.

திருநாளுக்கு முந்தின சாயங்காலம் பிலொமேனா சால்வைக்குள் ஒரு பாட்டிலோடு வாசலில் நின்றாள். "எங்க வீட்டுச் சாறு, அண்ணி. அண்ணன் தட்டு சும்மா இருக்க வேண்டாம்."

பாட்டில் அவள் தலையில்தான் உடையப்போகிறது என்று பயந்தேன். எர்சிலியா அதை வாங்கிக் காய்ச்சி, பாஸ்தாவில் ஊற்றி, அவன் நாற்காலிக்கு எதிரே வைத்தாள்.

"அண்ணனுக்கு என் சாறு பிடிக்குமான்னுகூடத் தெரியாது" என்றாள் பிலொமேனா.

"பிடிக்காது. உன்கிட்ட நல்லாருக்குன்னு சொல்லிட்டு, வீட்டுக்கு வந்து மறுபடி சாப்பிடுவாரு." எர்சிலியா தட்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "இப்ப எந்த வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவாரு?"

பிலொமேனா அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். எர்சிலியாவும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.