நல்லதாப் போச்சு தசரதன்

சேக்காட்டுத் தசரதனுக்கு எது நடந்தாலும் ‘நல்லதாப் போச்சு’தான். யுத்த காலத்தில் பட்டாளத்துக் கொட்டகை போட அவன் நிலத்தை சர்க்கார் எடுத்துக்கொண்டது. “நல்லதாப் போச்சு, களையெடுக்கிற வேலை மிச்சம்” என்றான். புயலில் கூரை பறந்தது. “நல்லதாப் போச்சு, ஊட்டுக்குள்ளயே நிலா காயுது” என்றான். அந்த நிலாவில் உட்கார்ந்து புதுக் கூரைக்கு ஓலை முடைந்தவள் அவன் பெண்டாட்டி வடிவு. கிணறு வற்றியபோதும் அப்படித்தான். நல்லதைக் கண்டுபிடிப்பது அவன் வேலை, ஏரியிலிருந்து தண்ணீர் சுமப்பது அவள் வேலை. ஊரே அவனை மகா தைரியசாலி என்றது. தைரியத்துக்கு என்ன, அதுவா குடம் தூக்குகிறது?

சித்திரை முதல் நாள் வந்தது. வருஷப் பிறப்பன்று முகம் சுளிக்காதவன் வருஷம் முழுக்கச் சிரிப்பான் என்று தெருவுக்கே உபதேசம் செய்துவிட்டு, இலை முன்னால் வந்து உட்கார்ந்தான் தசரதன். வடிவு வேப்பம்பூப் பச்சடி பரிமாறினாள். ஒரு வாய் வைத்ததும் அவன் முகம் அஷ்டகோணலாகிவிட்டது.

“இன்னாமே இது, ஒரே கசப்பா கீது! வெல்லம் போடலியா?”

“ஊட்ல வெல்லம் இல்ல” என்றாள் வடிவு, இன்னொரு கரண்டி வைத்துக்கொண்டே. “நல்லதாப் போச்சு, எறும்பு வராது.”