கச்சான் காற்றுக்குப் போன நான்கு மார்க்

எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில், கடலை ஒட்டிய ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திக்கொண்டிருந்தேன். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் ரயில். வகுப்புக்குள் நுழையும்போதே பாதி உயிர் போயிருக்கும். அது போதாதென்று தலைமையாசிரியை ஒரு வேலையை என் தலையில் கட்டினார். அப்போது பள்ளியிறுதியாக இருந்த பதினோராம் வகுப்பில், ஏ பிரிவுக்கு மூத்த பூகோள ஆசிரியரான பெரிய சார் வழக்கம்போல நோட்ஸ் சொல்லி எழுதவைப்பார். பி பிரிவை நான் வெளியே கூட்டிப்போய்க் காட்டி நடத்தவேண்டும். எந்த முறை உசத்தி என்று கடைசியில் நான் அறிக்கை தரவேண்டும்.

"காத்தப் பாக்கதுக்குக் கரைக்குப் போணுமாம்மா? ஜன்னலத் தொறந்தாப் போதாதா?" என்று சிரித்தார் பெரிய சார். எனக்கு எரிச்சலாக வந்தது.

தென்மேற்குப் பருவக்காற்றை நடத்த ஆடி மாதம் கரைக்குப் போனோம். மணல் கண்ணைத் திறக்க விடவில்லை. வள்ளக்காரர் மகள் ஒருத்தி, "இது கச்சான் டீச்சர். இதுல மழை வராது, புழுதிதான் வரும்" என்றாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஈர மணலைக் குவித்து மேற்குத் தொடர்ச்சி மலை செய்தேன். மழையெல்லாம் மேற்கிலேயே கொட்டிவிட்டு, காற்று வெறுங்கையோடு இந்தப் பக்கம் இறங்குவதைக் காட்டினேன். எங்கள் ஊர் வயலுக்கு ஆற்றில் வரும் தண்ணீர் அந்த மலையில் பெய்ததுதான் என்றேன். அன்றைக்கு ரயிலில் நின்றுகொண்டே வந்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை.

மார்ச் பரீட்சையில் ஏ பிரிவு முழுக்கத் தேறியது. பி பிரிவில் அந்த வள்ளக்காரர் மகள் ஒருத்தி மட்டும் நான்கு மார்க்கில் தோற்றுப்போனாள், என் பாடத்தில். ஆசிரியப் பயிற்சிக்குப் போக ஆசைப்பட்டவள். அக்டோபரில் திரும்ப எழுதித் தேறாவிட்டால் தையில் கல்யாணம் என்று அவள் அப்பா சொல்லிவிட்டார்.

"ஏளா, என்ன எழுதுன?"

"தென்மேற்குப் பருவக்காத்தோட பயன் கேட்டிருந்தாங்க டீச்சர். மழை வராது, வலை விடமுடியாதுன்னு எழுதுனேன். நீங்க மணல்ல காமிச்ச மலையையும் வரஞ்சேன்."

அந்தக் கரையில் பிறந்தவள் வேறு எதை எழுதுவாள்? கேட்டது நாட்டுக்கு; அவள் சொன்னது தன் வீட்டுக்கு. அந்த வித்தியாசத்தை நான் சொல்லித்தந்திருக்க வேண்டும். மலை குவித்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன். தப்பு என்னுடையது.

பெரிய சாரிடம் போய் அவர் நோட்ஸைக் கேட்டேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. அடுத்த ஆடி முழுக்க, பள்ளி விட்டபிறகு அவளை உட்காரவைத்து அதைச் சொன்னேன், அவள் எழுதினாள்.

"தென்மேற்குப் பருவக்காற்று நம் நாட்டுக்கு மிகுந்த மழையைத் தருகிறது."

ஜன்னல் வழியாக மணல் வந்து நோட்டில் விழுந்தது. அதைக் கையால் தட்டிவிட்டு எழுதினாள். பிறகு பேனாவை நிறுத்தினாள்.

"டீச்சர், அந்தக் காத்து இதுதான?"

மறுபடியும் மலை குவிக்க எனக்குத் தெம்பில்லை.

"ஆமாளா, இதுதான். எழுது."

அக்டோபரில் தேறிவிட்டாள். இனிப்பு கொண்டுவந்து கொடுத்தாள். பரீட்சையில் என்ன எழுதினாள் என்று நான் கேட்கவில்லை. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அறிக்கையை அன்று மாலை எடுத்து, நோட்ஸ் முறையே நல்லது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெட்கமாக இருந்தது. அதன்பிறகு ஓய்வு பெறும்வரை எந்த வகுப்பையும் நான் கரைக்குக் கூட்டிப்போகவில்லை.