மூன்றாவது சம்பளம்

லிங்கி பக்கத் தோட்டத்தில் அகதாவின் வீட்டுக்கு மட்டும் இரண்டு விதமாகச் சம்பளம் வரும். கணவன் கேப்ரியல் எண்ணெய்க்கான செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் ஓட்டுகிறான்; அவனுக்கு மாதச் சம்பளம். அகதா, போர்ட்டிக்சன் சாலையில் வெளிநாட்டுப் படையினர் தங்கியிருக்கும் முகாமில் சமையல்காரி. அந்தப் படை தன் சிப்பாய்களுக்குக் கொடுப்பதுபோலவே உள்ளூர் ஆட்களுக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கொடுத்துவிடும்.

ஆகவே வருடத்தில் இரண்டு மாதங்களில் மட்டும் அவளுக்கு மூன்று சம்பளம் விழும். முதலாவது வீட்டுத் தவணைக்கு. இரண்டாவது மளிகைக்கும் மகள் எலெய்னின் படிப்புக்கும். மூன்றாவதற்கு வேலையே கிடையாது. அன்று அகதா நல்ல துணி உடுத்தித் தனியாக பஸ் ஏறுவாள். நஜிமுதீன் கடையில் காற்றாடிக்கு நேர் கீழே உட்கார்ந்து, வேறு யாரோ சமைத்த ஆட்டுக்கறியை நிதானமாகச் சாப்பிடுவாள். பிறகு தேவையே இல்லாத ஒரு பொருள் வாங்குவாள். போன தடவை ஒரு கீபோர்டு. அதில் ஒன்றரைப் பாட்டு வாசிக்கிறாள். கேட்கும்படி இருக்கிறது என்று சொல்வதற்கில்லை.

"மூணாவதுன்னு ஒன்னு இல்லவே இல்ல. வருஷக் காசத்தான் வெட்டி வெட்டிக் குடுக்குறான்" என்பான் கேப்ரியல்.

அகதாவுக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே சந்தோஷப்படுவதை அறியாமை என்று தள்ளிவிட முடியாது.

இந்த ஆண்டு முகாமில் ஒரு பேச்சு வந்தது. உள்ளூர் வழக்கப்படி மாதச் சம்பளமாக மாற்றலாமா என்று ஆட்களையே கேட்கப் போகிறார்கள். கேப்ரியலுக்கு அது பிடித்தது.

"மாசம் கொஞ்சம் கூட வரும். தவணைக்கு லேசா இருக்கும்லா. கைய தூக்கிரு."

மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் கணக்கெழுதும் கிராணி ரவிச்சந்திரன், மேஜர் சொன்னதைத் தமிழிலும் மலாயிலும் சொன்னான். "மாசச் சம்பளம் வேணுங்கிறவங்க கை தூக்குங்க."

சலவைப் பகுதி நஸீமா அகதாவைப் பார்த்தாள். அகதா இரண்டு கைகளையும் மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டாள். கூடத்தில் எழுந்தவை நாலைந்து கைகள்தான்.

"அக்கா, ரெண்டும் ஒரே காசுதானே?" என்றான் ரவிச்சந்திரன்.

"ஒரே காசுதான் தம்பி. ஏழு நாள் சோத்தையும் திங்கக்கெழமையே போட்டுத் தரேன், தின்னுருவியா?"

கூடமே சிரித்தது. மேஜர் என்னவென்று கேட்டார். ரவிச்சந்திரன் சொன்னதும் அவரும் சிரித்தார். பழைய ஏற்பாடே நிலைத்தது.

சாயங்காலம் கேப்ரியல் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அகதா சொன்னாள்.

"நான் தூக்கலங்க."

அவன் குழாயை மூடினான். சக்கரத்தைத் துணியால் ஒரு தடவை துடைத்தான்.

"அடுத்த மூணாவது எப்ப?"

"ஆகஸ்ட்ல."

"இந்தத் தடவ நானும் கடைக்கு வரேன்லா."

"தாராளமா வாங்க. ஆனா ஒங்க சாப்பாட்டுக்கு ஒங்க காசு" என்றாள் அகதா. கேப்ரியல் வாளியில் மிஞ்சிய தண்ணீரை அவள் மேல் வாரி அடித்தான்.